ஊரோட வர்றோம்னு சொல்லுங்க

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது என் கைபேசிக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. காலையில் காபி டம்ளரைக் கையில் எடுத்தால் போதும், அடிக்க ஆரம்பித்துவிடும். போன வாரம் பெண்ணாடத்திலிருந்து ஒருவர் பேசினார். கரும்பு ஏற்றிய டிராக்டரைச் சர்க்கரை ஆலை வாசலில் வரிசையில் நிறுத்திவிட்டு, பொழுது போகாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். "மேடம், எங்க பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். நடிக்கணும்ங்கிறான். நல்ல ஏஜென்ட்டா ஒருத்தர் வேணும், எங்க தேடறது?" என்றார். எந்தக் கடையில் நல்லெண்ணெய் சுத்தமாகக் கிடைக்கும் என்று விசாரிக்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. என்னிடம் தொழில் பழகிய உங்கள் எண்களைக் கொடுத்தேன்.

ஆக, இனி அந்தப் பிள்ளைகள் உங்களிடம்தான் வரப்போகிறார்கள். வீடியோ எப்படி எடுத்து அனுப்புவது, எந்த இயக்குநர் யாரைத் தேடுகிறார் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவள் பெயரையும் அவள் வீட்டார் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

அதற்கு முன்னால் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரைப் பற்றி நான்கு வரி. புதுச்சேரியில் படப்பிடிப்புகளுக்கு நடிகர்களைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா அவர். மேல்பட்டாம்பாக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து ஒன்றும் தெரியாமல் வந்து நின்ற என்னைச் சேர்த்துக்கொண்டார். என் சொந்தக்காரர்கள் இந்த வேலைக்கு 'சினிமாவுக்கு ஆள் புடிக்கிறது' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் அப்பா கல்யாண வீடுகளில் 'பொண்ணு கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்கா' என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் இடத்தில் ஆடிஷன் நடக்கும் அறைக்கதவு மூடவே மூடாது. வாசலில் ஒரு ஸ்டூல் கிடக்கும். பிள்ளையோடு வந்தவர் அதில் உட்கார்ந்துகொள்ளலாம். வெளிச்சத்தம் உள்ளே வருகிறது என்று ஒரு இயக்குநர் முகம் சுளித்தபோது அந்த அம்மா, "சத்தம் ஆவாதுன்னா, கதையில புள்ளைங்களே வேணாம்னு எழுதிக்குங்க சார்" என்றார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் தனியாக அலுவலகம் போட்டபோது முதலில் வாங்கிய சாமான் ஒரு ஸ்டூல். உங்களில் ஒருவர் பயிற்சிக்கு வந்த புதிதில் அதில் கால் விரலை இடித்துக்கொண்டு வாய்க்குள் என்னைத் திட்டியதும் எனக்குக் கேட்டது.

இனி துர்காவுக்கு வருகிறேன்.

கடலூர் துறைமுகத்தில் எடுக்கப்போகிற ஒரு இணையத் தொடருக்குப் பதினாறு பதினேழு வயதில் ஒரு பெண் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். புதுமுகமாக இருந்தால் நல்லது என்றார் இயக்குநர். செய்தி எப்படியோ பரவி, வாட்ஸாப்பில் படங்கள் கொட்ட ஆரம்பித்தன. அவற்றில் சிதம்பரம் பக்கத்து மீனவ ஊரான கிள்ளையிலிருந்து ஒரு கட்டு வந்தது. திறந்து பார்த்து நானும் என் உதவியாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா ஆல்பம். முழு ஆல்பம். தலையில் சவுரி, இடுப்பில் ஒட்டியாணம், பின்னால் பனிமலை, ஒரு படத்தில் அருவி, இன்னொன்றில் மயில். ஸ்டுடியோக்காரர் பெண்ணின் நிறத்தை மாவு சலித்ததுபோல வெளுத்துவைத்திருந்தார். கண், மூக்கு எல்லாம் எந்த வீட்டுப் பெண்ணுடையது என்றே சொல்ல முடியாது.

இது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிற தவறு. நீங்கள் சிரித்துவிட்டு அழித்துவிடுவீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வீட்டில் இருப்பதிலேயே நல்ல படம் எது என்று கேட்டால், அவர்களுக்கு ஆல்பம்தான். தாய்மாமன் கடன் வாங்கிச் சீர் செய்து, ஊரையே கூப்பிட்டு எடுத்த படம். அதைவிட மரியாதையான படத்தை அவர்கள் வேறு எங்கே போய்த் தேடுவார்கள்? பகல் வெளிச்சத்தில், முகப்பூச்சு இல்லாமல், சாதாரணச் சட்டையில் இரண்டு படம் போதும் என்று சொல்லவேண்டியது நம் வேலை.

நான் கடைசிப் படம்வரை தள்ளிப் பார்த்ததற்குக் காரணம் பொறுமை இல்லை. கேலி செய்யத்தான் பார்த்தேன். கடைசிக்கு முந்தின படத்தில் கை நின்றுவிட்டது. அத்தைமார்கள் ஆரத்தி சுற்றுகிறார்கள். பக்கத்தில் தாய்மாமன் பட்டு வேட்டியில், பொறுப்பு தாங்காமல், நெஞ்சை நிமிர்த்தி உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறார். மாலையும் நகையுமாக உட்கார்ந்திருக்கும் பெண் யாருக்கும் தெரியாமல் அதே நெஞ்சு நிமிர்வோடு, அதே உதட்டு இறுக்கத்தோடு இருக்கிறாள். அவ்வளவு வெள்ளைப் பூச்சையும் மீறி அந்த மாமா அவள் முகத்தில் இருந்தார்.

உடனே அந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தது அந்தத் தாய்மாமனேதான். பெயர் ரமேஷ், கடலூர் பழைய நகரமான ஓ.டி.யில் ஐஸ் பிளாண்ட்டில் வேலை. "துர்காவோட மேனேஜர் பேசறேன்" என்றார். நான் யார் என்று சொன்னதும் குரலில் ஒரு குழைவு வந்தது.

"மேடம், நீங்க கோச்சுக்கக் கூடாது. இப்ப சிதம்பரம் பஸ்ல போய்ட்டு இருக்கோம். வேற ஒரு பெரிய ஏஜென்ட் இன்ஸ்டாகிராம்ல பாப்பாவ பாத்துட்டுக் கூப்புட்டிருக்காரு. லாட்ஜ்ல ரூம் போட்டு லுக் டெஸ்ட் வெச்சிருக்காராம்."

"நீங்களும் கூடப் போறீங்கல்ல?"

"நான் கீழ டீக்கடையில இருப்பேன். பொண்ணு மட்டும் மேல வரட்டும்னுட்டாரு. கூட ஆளுங்க இருந்தா ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஃப்ரீயா வராதாம். அதுவும் நெசந்தானே மேடம்?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பேருந்து கிள்ளையைத் தாண்டிவிட்டது. நான் கடலூரில் இருக்கிறேன். அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. 'அவன் ஃபிராடு, இறங்கிடுங்க' என்று நான் கத்தினால் ரமேஷ் என்ன நினைப்பார்? ஒரு ஏஜென்ட் இன்னொரு ஏஜென்ட்டின் ஆளை இழுக்கிறாள் என்றுதான் நினைப்பார். போனை வைத்துவிட்டு நேரே லாட்ஜுக்குத்தான் போவார். இன்னொன்றும் உண்டு. அந்த ஆள் நியாயமானவராகவே இருந்து, முறை தெரியாத புதியவராகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் ஒரு பெண்ணின் நல்ல வாய்ப்பை நான் கெடுத்தவள் ஆவேன். சொல்வது அவர் காதில் ஏறவும் வேண்டும், பொய்யாகவும் இருக்கக் கூடாது.

கடற்கரை ஊர்க்காரர்கள் முக்கியமான காரியத்துக்குத் தனியாகப் போகமாட்டார்கள். பெண் பார்க்கப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போனாலும் ஒரு வேன் நிறையப் போவார்கள். எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களே அதைப் பார்த்துக் கிண்டல் செய்யும். அந்தக் கிண்டல்தான் அன்று எனக்கு நினைவு வந்தது.

"போங்க ரமேஷ், நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லல" என்றேன். "ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. பஸ்ஸவுட்டு எறங்கறதுக்கு முன்னாடி அவருக்குப் போன் போட்டு, 'சார், நாங்க ஊரோட வர்றோம். பொண்ணோட அம்மா வர்றாங்க, ஊர்ப் பெரியவங்க வர்றாங்க, எல்லாரும் ரூமுக்கு வருவோம்'னு சொல்லுங்க. நல்ல ஏஜென்ட்டுன்னா வாங்கன்னுதான் சொல்வாரு. அவரு வாங்கன்னா நீங்க தாராளமாப் போங்க. நானே வாழ்த்தி அனுப்பறேன்."

"அக்காவுக்குத் தெரியாது மேடம். பாப்பாவுக்கு யூனிஃபார்ம் துணி எடுக்கப் போறோம்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டோம்."

"சும்மா சொல்லித்தான் பாருங்களேன்."

வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடும் வரைக்கும் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், மாடிப்படியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

ரமேஷ் திரும்பக் கூப்பிட்டபோது குரலில் அந்த மேனேஜர் காணாமல் போயிருந்தார். "சொன்னேன் மேடம். ஊரோடல்லாம் எதுக்கு, பொண்ணு மட்டும் போதும்னாரு. இல்ல சார், எங்க பழக்கம் அப்பிடின்னேன். கட் பண்ணிட்டாரு. திருப்பிப் போட்டா சுவிட்ச் ஆஃப். என்னா மேடம் இது?"

சிதம்பரம் மேல வீதியில் ஒரு காபி கடையில் உட்காரச் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். 

கடைக்குள் நுழைந்ததும் எனக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லவேண்டும். பள்ளிச் சீருடையில், இரட்டைச் சடையோடு, அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பெண் எழுந்து நின்றாள். "நீங்க யாரு மேடம் எனக்கு? எதுக்கு என் சான்ஸக் கெடுத்தீங்க?" என்றாள். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரமேஷ் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. ஆல்பத்தில் பார்க்க முடியாத முகத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். கோபத்தில் ஒரு துளி நடிப்பு இல்லை. அவளுக்கு உண்மையாகவே ஏதோ பறிபோயிருந்தது. அந்த ஒரு அழைப்புக்காக எத்தனை நாள் காத்திருந்தாளோ.

"கெடுத்தேனான்னு எனக்கே தெரியாதும்மா" என்றேன். "அவரு யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்கம்மா வரக் கூடாதுன்னு சொல்ற எடத்துக்கு நீ போக வேணாம். என் எடத்துக்குக் கூப்புடறேன். அதுக்கும் உங்கம்மா வரணும்."

அம்மா என்றதும் இரண்டு பேருக்கும் முகம் செத்துவிட்டது. "அக்காகிட்ட சொல்லிடாதீங்க மேடம்" என்று ரமேஷ் கையெடுத்துக் கும்பிட்டார். "தெரிஞ்சா நடிப்பும் கெடையாது, படிப்பும் கெடையாது. அடுத்த மாசமே மாப்ள பாக்க ஆரம்பிச்சுருவாங்க. ஆடிஷன் முடியட்டும், செலக்ட் ஆனதும் சந்தோஷமா சொல்லிக்கலாம்."

இந்தக் கும்பிடு உங்களுக்கும் வரும். எனக்கு அந்தப் பெண் வேண்டும், இயக்குநர் அவசரப்படுத்திக்கொண்டிருக்கிறார், அம்மாவிடம் சொன்னால் எல்லாமே அங்கேயே முடிந்துவிடலாம். சொல்லாவிட்டால், அந்த லாட்ஜ் ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஏஜென்ட்டாக இருப்பது என்றால் முதலில் அவள் வீட்டுக்கு ஏஜென்ட்டாக இருப்பது என்று புதுச்சேரி அம்மா சொல்வார். "இப்பவே கூப்புடுங்க ரமேஷ்" என்றேன். "உங்கக்கா எங்க இருக்காங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இங்கதான் மேடம். மார்க்கெட்ல. மீன் விக்கறாங்க."

பாருங்கள் கூத்தை. அந்த அக்கா நடந்து வரும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இவர்கள் மார்க்கெட் தெருவைச் சுற்றிக்கொண்டு பதுங்கிப் பதுங்கி வந்திருக்கிறார்கள்.

மல்லிகா வந்தார். மீன் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். தம்பி சொன்னதை முழுசாகக் கேட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கேட்டார்.

"லாட்ஜுக்காரன் போன் எடுக்கல. நீங்க வந்துட்டீங்க. அதனால நீங்க நல்லவங்கன்னு நான் எப்பிடி நம்பறது?"

இந்தத் தொழிலில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நான் பெருமைப்பட்டுக்கொள்ள எத்தனையோ பெயர்களைச் சொல்லியிருக்கலாம். "நம்ப வேணாம்" என்றேன். "ஊரோட வாங்க. என் ஆபீஸப் பாருங்க, என்னா வேணும்னாலும் கேளுங்க. அப்புறம் நம்பலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."

"இவளுக்கு நடிப்பு வரும்னு யாரு சொன்னா?"

கைபேசியில் அந்த ஆரத்திப் படத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். படத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, "அன்னிக்கே சொன்னேன், இவ என்னமோ மூஞ்சிய இழுத்துக்கினு இருக்கா, வலிப்பு கிலிப்பு வந்துருச்சான்னு. இவன் மூஞ்சியா இது?" என்றார். ரமேஷுக்கு அப்போதும் புரியவில்லை. துர்கா அழுகையோடு சிரித்தாள். அன்று அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். அவர்கள் லாட்ஜில் போய்ப் பார்த்தபோது அந்த அறை காலியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளையிலிருந்து வேன் வந்தது. மாடிப்படியெல்லாம் ஆட்கள். அத்தைமார்கள், சித்தப்பா, ஊர்ப் பஞ்சாயத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர், எதற்கு வந்தோம் என்றே தெரியாத இரண்டு பேர். ஸ்டூலை ரமேஷ் பிடித்துக்கொண்டார். பெரியவர் கேட்க ஆரம்பித்தார். படப்பிடிப்பு எத்தனை மணி வரைக்கும் நடக்கும்? பொண்ணு கூட யார் தங்குவார்கள்? துணி மாற்ற இடம் உண்டா? பரீட்சை வந்தால் என்ன செய்வீர்கள்? பிடிக்காத காட்சியைப் பொண்ணு மாட்டேன் என்றால் யார் யாரிடம் பேசுவார்கள்? வேலை கிடைப்பதற்கு முன்னால் எங்களிடம் ஏதாவது பணம் கேட்பீர்களா? நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். இரண்டு கேள்விகளுக்கு என்னிடம் பதிலே இல்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதன்பிறகு என்னிடம் வந்த ஒவ்வொரு பிள்ளையின் வீட்டாரிடமும் அந்தக் கேள்விகளை நானே எடுத்துக் கொடுத்தேன். எந்த ஏஜென்ட்டிடம் போனாலும் இதைக் கேளுங்கள், என்னிடமும் கேளுங்கள் என்பேன். கிள்ளைக்காரர்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல.

ஆடிஷன் நடந்தது. அவ்வளவு பேர் வாசலில் நின்று பார்க்கும்போதும் துர்கா நன்றாகவே செய்தாள். நன்றாகச் செய்தாள் என்றுதான் நான் இன்றும் சொல்வேன். வீடியோவைப் பார்த்துவிட்டு மறுநாளே இயக்குநர் வேண்டாம் என்றுவிட்டார். அவர் மனதில் வேறு ஒரு முகம் இருந்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. சிதம்பரம் மார்க்கெட்டுக்கே போனேன். மல்லிகா ஒரு வாடிக்கைக்காரருக்குக் கொடுவா வெட்டிக்கொண்டிருந்தார். துர்கா பள்ளி முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று ஆகிவிட்டதைச் சொன்னேன். பெண் எழுந்து கொஞ்ச தூரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். 'இதோட போதும்' என்று மல்லிகா சொல்வார், நானும் சரி என்று கிளம்ப வேண்டியதுதான் என்று தயாராக இருந்தேன். அவர் கத்தியைக் கீழே வைக்காமல் மீனைத் திருப்பிப் போட்டார்.

"சரி. அடுத்தது எப்ப வரணும்?" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் மார்க்கெட்டில் கண் கலங்கினால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பது ஒரு வசதி. துர்காவும் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளையெல்லாம் ஒரு பக்கம் வைத்தால், அந்த ஒரு கேள்வியை நான் தனியாக வைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு நான்கைந்து தடவை வேன் வந்தது. ஒரு விளம்பரப் படம் கிடைத்தது, பிறகு ஒரு தொடரில் சின்ன வேடம். ஒவ்வொரு தடவையும் ஆட்கள் குறையவே இல்லை.

அவள் பிளஸ் டூ முடிக்கும்போது நான் ஓய்வு பெற்றேன். இனி உனக்குச் சென்னையில் ஒரு ஏஜென்ட் வேண்டும், நீயே தேடு என்று சொல்லிவிட்டேன். நானே யாரையாவது கைகாட்டியிருக்கலாம். தேடத் தெரிந்துகொண்டால்தான் அவளுக்குக் கடைசிவரை உதவும் என்று நினைத்தேன். போன மாதம் ஒருநாள் கூப்பிட்டாள். பின்னால் அவர்கள் வீட்டுச் சத்தம் கேட்டது.

"மேடம், சென்னையில ஒருத்தர் மீட்டிங்குக்குக் கூப்புட்டாரு. நான் போன் பண்ணி, 'சார், நாங்க ஊரோட வர்றோம்'னு சொன்னேன்."

கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "என்னா சொன்னாரு?"

"எத்தன பேருக்கு சாப்பாடு சொல்லணும்னு கேட்டாரு மேடம்."

பின்னாலிருந்து மல்லிகாவின் குரல் கேட்டது. "உன் மாமன ரெண்டு ஆளாச் சொல்லுடி."

அந்த ஏஜென்ட்டின் பெயரைக் கேட்டேன். சொன்னாள்.  அவர் என்னிடம் பயிற்சிக்கு வந்தவர் என்பது அவளுக்குத் தெரியாது. இந்தக் கதையை நான் உங்களில் யாரிடமும் இதுவரை சொன்னதும் இல்லை. ஸ்டூலில் கால் விரலை இடித்துக்கொண்டு என்னைத் திட்டியவர்தான் அவர். இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு நன்றி, தம்பி.